தலசீமியா உள்ளவர்களுக்கு இரத்தம் ஏற்றும்போது வரும் எதிர்வினைகளைக் குறைப்பது எப்படி?

பெரும்பாலோருக்கு இரத்தம் ஏற்றிக்கொள்வது வாழ்நாளில் ஒருமுறை, விபத்திலோ பிரசவத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ நேர்வது. கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு அது மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும் வேலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்குப் பதினேழு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோ பை. அந்தப் பிள்ளை வளர்ந்து எஸ்.பி.எம். தேர்வு (மலேசியாவில் பதினேழு வயதில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் வயதை எட்டுவதற்குள் சில நூறு கொடையாளர்களின் இரத்தம் அதன் உடம்புக்குள் போயிருக்கும். ஒரு பையினால் ஆபத்து நேரும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் அந்தச் சிறிய வாய்ப்பைச் சில நூறு தடவை எதிர்கொள்பவர் அதை ஒருமுறை எதிர்கொள்பவரைப் போல அலட்சியமாக விட முடியாது. அதோடு உடம்பு பழையதை மறப்பதும் இல்லை. இதுவரை ஏறிய இரத்தத்தில் அது எதை அந்நியமாகக் கண்டுகொண்டதோ அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பையைச் சந்திக்கிறது. தலசீமியா நோயாளிகளுக்கான பாதுகாப்பு முறைகள் மற்றவர்களுக்கானவற்றைவிட ஒரு படி கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆல்பா, பீட்டா என்னும் இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. மரபணுக் குறையினால் இவற்றில் ஒன்று போதிய அளவு உருவாகாவிட்டால், சிவப்பணுக்களில் பெரும்பகுதி எலும்பு மஜ்ஜையிலேயே சிதைந்துவிடுகிறது. வெளியே வருபவையும் நீண்ட நாள் தாங்குவதில்லை. மலேசியாவில் மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் சபாவின் கடசான்டூசுன் மக்களிடமும் இது பரவலாக உண்டு. தமிழர்களிடையே எண்ணிக்கை குறைவு என்பதால், குடும்பத்தில் ஒருவருக்கு வந்த பிறகே நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்படுகிறோம். 2016 முதல் படிவம் நான்கு மாணவர்களுக்கு இதற்கான இரத்தப் பரிசோதனை நடத்தப்பட்டு வருவதால் இந்த நிலை மெல்ல மாறி வருகிறது.

ஏற்றிய இரத்தத்தின் காரணமாக உடம்பில் ஏற்படும் வேண்டாத விளைவு எதுவானாலும் அது எதிர்வினைதான். இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதோ அடுத்த 24 மணி நேரத்துக்குள்ளோ வருவது உடனடி வகை. அதற்குப் பிறகு, சில நாள்கள் அல்லது சில வாரங்கள் கழித்து வருவது தாமத வகை. காய்ச்சல், நடுக்கம், தடிப்பு, மூச்சுத் திணறல் என்று கண்முன்னே தெரிவதால் உடனடி வகையைப் பற்றியே குடும்பங்கள் அதிகம் அஞ்சுகின்றன. தலசீமியாவைப் பொறுத்தவரை, சத்தமின்றி வரும் தாமத வகைக்கும் அதே அளவு கவனம் தர வேண்டும் என்பது என் கருத்து. இந்த இரண்டையும் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி, பை கட்டிலருகே வந்து சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

முதலில் மிகக் கொடியதைப் பார்ப்போம். கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்ட ஆய்வினால் உலகம் அறிந்த ஏ, பி, ஓ வகைகள் நமக்குப் பழக்கமானவை. ஓ வகையினரின் இரத்தத்தில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகள் (அந்நியமானதைத் தாக்க உடம்பு உருவாக்கும் புரதங்கள்) குழந்தைப் பருவத்திலேயே, எந்த இரத்தமும் ஏற்றாமலே தோன்றிவிடுகின்றன. அவருக்குத் தவறிப்போய் ஏ வகை இரத்தம் ஏற்றப்பட்டால், புதிதாக வந்த சிவப்பணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே வெடித்துச் சிதறும். சிறுநீரகம் பழுதாகலாம், உயிரே போகலாம். இவ்வளவு பெரிய தீங்குக்குப் பெரும்பாலும் காரணமாவது ஆய்வுக்கூடத்தின் அறிவியல் குறைபாடு அன்று. ஒருவரின் மாதிரிக் குழாயில் இன்னொருவரின் பெயர் ஒட்டப்பட்டது, ஒருவருக்கான பை அடுத்த கட்டிலுக்குப் போனது போன்ற ஆள்மாறாட்டமே பெரும்பாலும் காரணம்.

இந்த ஆபத்து நம் சமூகத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும். ஒரே பகல்நேர வார்டில் ஒரே நாளில் இரண்டு குமார், இரண்டு கவிதா இருப்பது கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அதிசயமில்லை. த/பெ என்பதற்குப் பின்னால் வரும் தகப்பன் பெயரும் ஒன்றாக அமைந்துவிட்டால், இருவரையும் பிரித்துக் காட்டுவது மைகார்டு என்னும் அடையாள அட்டையின் எண் மட்டுமே. அதனால்தான் பையைத் தொங்கவிடுவதற்கு முன்பு இரண்டு பேர் கட்டிலருகே நின்று சரிபார்க்கிறார்கள். ஒருவர் நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும் வாசிக்க, மற்றவர் பையில் கட்டியிருக்கும் அட்டையில் அதே விவரம் உள்ளதா என்று பார்க்கிறார். பையின் எண், இரத்த வகை, காலாவதி நாள் ஆகியவற்றையும் அதே முறையில் ஒப்பிடுகிறார்கள். தாதி கேட்கும் கேள்வியின் வடிவமும் இங்கே முக்கியம். “இது குமார்தானே?” என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பையன் தலையாட்டிவிடுவான். “தம்பி, உன் முழுப்பெயரைச் சொல், பிறந்த தேதியைச் சொல்” என்று கேட்டால் அவன் வாயாலேயே விடை வந்தாக வேண்டும். பக்கத்தில் இருக்கும் அம்மா, “போன வாரம்கூடப் பார்த்தீர்களே மிஸ்ஸி, அவன்தான்” என்று உதவிக்கு வருவது இயல்புதான். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையையே பேச விடுவதுதான் உண்மையான உதவி. பல ஆண்டுகளாக ஒரே வார்டுக்கு வருபவர்களிடம் இந்தச் சோதனை சடங்காகத் தேய்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இடத்தில்தான் கைப்பட்டையைப் பார்க்காமலே கடந்துபோகத் தோன்றும்.

மாதிரி எடுக்கும்போதும் இதே விதிதான். குழாயில் பெயரொட்டியை முன்கூட்டியே ஒட்டி வைத்துக்கொண்டு இரத்தம் எடுக்கக் கூடாது. எடுத்தபின் கட்டிலருகிலேயே, கைப்பட்டையைப் பார்த்து ஒட்ட வேண்டும். மலேசிய மருத்துவமனைகளில் எல்லாரும் ஜி.எக்ஸ்.எம். என்று சுருக்கிச் சொல்லும் பொருத்தச் சோதனை இந்த மாதிரியிலிருந்துதான் தொடங்குகிறது. கடந்த மூன்று மாதங்களுக்குள் இரத்தம் ஏற்றிக்கொண்டவரின் மாதிரி பொதுவாக மூன்று நாளுக்கு மட்டுமே செல்லும், ஏனென்றால் அந்த இடைவெளியில்கூடப் புதிய ஆன்டிபாடி தலைகாட்டக்கூடும். “சென்ற மாதம்தானே இரத்தம் எடுத்தீர்கள், மறுபடியும் ஏன் குத்துகிறீர்கள்?” என்ற பிள்ளையின் கேள்விக்கு இதுவே விடை.

இனி, அதிகம் பேசப்படாத பகுதிக்கு வருவோம். ஏ, பி, ஓ வகையும் ஆர்எச் பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் பொருந்திவிட்டால் இரத்தம் பொருந்திவிட்டது என்றே பலர் எண்ணுகிறார்கள். ஒருமுறை ஏற்றிக்கொள்பவருக்குப் பெரும்பாலும் அது போதும். ஆனால் சிவப்பணுவின் மேற்பரப்பில், உடம்பு அந்நியமென்று கண்டுகொள்ளக்கூடிய அடையாளங்களான ஆன்டிஜென்கள் 300க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவை 40க்கும் மேற்பட்ட இரத்த வகை முறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆர்எச் முறையில் மட்டுமே பாசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தீர்மானிக்கும் டி என்ற பெயர்போன ஆன்டிஜெனுடன் பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ என்பவையும் இருக்கின்றன. இவை தவிர கெல், கிட், டஃபி, எம்.என்.எஸ். என்று பட்டியல் நீள்கிறது. நோயாளியிடம் இல்லாத ஓர் ஆன்டிஜென் கொடையாளரின் அணுக்களில் இருந்தால், அவருடைய நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாகக் கருதி ஆன்டிபாடி உருவாக்கக்கூடும். ஏ, பி ஆன்டிபாடிகளைப் போல இவை தாமாகவே தோன்றிவிடுபவை அல்ல. பெரும்பாலும் முன்பு ஏற்றிய இரத்தத்தின் விளைவாகப் பின்னர் உண்டாகின்றன. தொடர்ந்து இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இப்படி ஏதாவது ஓர் ஆன்டிபாடி உருவாகிறது. ஒன்று உருவானவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் அந்த ஆன்டிஜென்கள் இல்லாத பையைத் தேட வேண்டியிருக்கும். காத்திருக்கும் நேரம் கூடும். சில வேளைகளில் பொருத்தமான இரத்தமே கிடைக்காமல் போகும்.

இதைத் தடுக்கும் வழி கேட்பதற்கு எளியது. முதன்முதலாக இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே குழந்தையின் இரத்தத்தில் இந்த முக்கியமான ஆன்டிஜென்கள் எவை உள்ளன, எவை இல்லை என்று முழுமையாகக் கண்டறிந்து பதிவு செய்துவிட வேண்டும். பின்னர் ஏற்றும் ஒவ்வொரு பையையும் ஏ, பி, ஓ, டி ஆகியவற்றோடு, குறைந்தது ஆர்எச் முறையின் அந்த நான்கு ஆன்டிஜென்களுக்கும் கெல்லுக்கும் பொருத்திக் கொடுக்க வேண்டும். முதல் பைக்கு முன்பே என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: இரத்தம் ஏறியபின் உடம்பில் கொடையாளரின் அணுக்களும் கலந்து ஓடுவதால், வழக்கமான சோதனை யாருடைய அணுவைக் காட்டுகிறது என்று சொல்ல முடியாமல் போய்விடும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. நோயாளியின் மரபணுவை ஆராய்ந்து இரத்த வகையைக் கணிக்கும் சோதனைக்குக் கொடையாளர் அணுக்கள் தடையாக இருப்பதில்லை. சிறுவயதிலேயே இரத்தம் ஏற்றத் தொடங்கியவர்களுக்கு ஆன்டிபாடி உருவாவது குறைவு என்றும், மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு அது கூடுதல் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே மண்ணீரலை அகற்றலாமா என்று முடிவெடுக்கும்போது இதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மேலைநாட்டு நூல்களில் உள்ள விதிகளை அப்படியே இங்கே பின்பற்றினால் போதாது. இந்நாட்டின் மக்கள் கலவை தனி வகையானது. ஐரோப்பியர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் காணப்படும் கெல் ஆன்டிஜென், மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் மிக அரிது. எனவே இங்கே கெல் இல்லாத பையைத் தேடுவது பெரிய பாடு அன்று. பெரிய இ இல்லாதவர்களோ இவ்வட்டாரத்தில் பெரும்பான்மையினர். அது உள்ள கொடையாளர்களும் கணிசமாக இருக்கிறார்கள். மலேசியத் தலசீமியா நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் ஆன்டிபாடிகளில் பெரிய இ-க்கு எதிரானது முன்வரிசையில் இருப்பதில் வியப்பில்லை. எம்.ஐ.ஏ. எனப்படும் இன்னோர் ஆன்டிஜென் சீனர்களிடமும் தென்கிழக்காசிய மக்களிடமும் காணப்படுகிறது, ஐரோப்பியர்களிடம் ஏறக்குறைய இல்லை. அதனால் மேலைநாட்டில் தயாராகும் சோதனை அணுக்களில் அந்த ஆன்டிஜென் இல்லாமல் போகலாம். அவற்றை மட்டும் நம்பினால் நோயாளியிடம் இருக்கும் ஆன்டிபாடி கண்ணுக்குத் தப்பிவிடும். இங்குள்ள ஆய்வுக்கூடங்கள் அந்த ஆன்டிஜென் உள்ள சோதனை அணுக்களைச் சேர்த்துக்கொள்வது இதற்காகத்தான். பிடிபடாத சிக்கலான மாதிரிகள் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இரத்த மையத்துக்குப் போகின்றன.

கொடையாளர் பக்கத்திலும் இதே கலவை தன் வேலையைக் காட்டுகிறது. ஆர்எச் நெகட்டிவ் இரத்தம் மலாய்க்காரர், சீனர் இரு சாராரிடமும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இந்திய வம்சாவளியினரிடம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர். கோயில் மண்டபங்களில் நடக்கும் இரத்ததான முகாமில் வரிசையில் நிற்கும் ஒரு தமிழர், தம்மை அறியாமலே நாட்டின் மிக அரிய இருப்புகளில் ஒன்றைச் சுமந்து நிற்கலாம். எல்லா இனத்தவரும் கொடையாளர்களாக வந்தால்தான் பொருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குப் பைகள் இருக்கும். நோன்பு மாதத்திலும் பெருநாள், தீபாவளி விடுமுறைகளிலும் இருப்பு குறையும்போது முதலில் சுருங்குவது இந்தத் தேர்வுக்கான இடம்தான்.

ஆன்டிபாடிகளைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒருமுறை உருவான ஆன்டிபாடி எப்போதும் இரத்தத்தில் ஒரே அளவில் இருப்பதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அதன் அளவு குறைந்து, சோதனையில் அறவே தெரியாமல் போகலாம்; கிட் வகை ஆன்டிபாடிகள் இதற்குப் பேர்போனவை. ஆனால் அதை உருவாக்கிய நினைவு உடம்பில் அப்படியே இருக்கும். பினாங்கு மருத்துவமனையில் பல ஆண்டுகள் இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு பெண், வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அங்கே கண்டறியப்பட்ட ஆன்டிபாடி இப்போது மறைந்துவிட்டது. புதிய மருத்துவமனையின் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை, பொருத்தச் சோதனையும் சரியாக வருகிறது, இரத்தம் ஏற்றப்படுகிறது. அந்தப் பையில் குறிப்பிட்ட ஆன்டிஜென் இருந்துவிட்டால், பழைய நினைவு விழித்துக்கொண்டு சில நாள்களில் ஆன்டிபாடி பெருமளவில் உற்பத்தியாகி, ஏற்றிய அணுக்களை அழிக்கத் தொடங்கும். இரு மருத்துவமனையிலும் யாரும் தவறிழைக்கவில்லை. ஒரு தகவல் மட்டும் அவளோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை.

ஆகையால் ஆன்டிபாடி இருப்பதாக ஒருமுறை சொல்லப்பட்டவர், அதன் பெயர், கண்டறியப்பட்ட நாள், இடம் ஆகியவை அடங்கிய அட்டையோ கடிதமோ இரத்த வங்கியிடம் கேட்டு வாங்கி, மைகார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் படம்பிடித்துக் கைத்தொலைபேசியிலும் வைத்திருக்கலாம். முழு இரத்த வகைப் பதிவின் நகலையும் உடன் வைத்திருப்பது நல்லது. தைப்பூசத்துக்கோ திருமணத்துக்கோ ஊருக்குப் போன இடத்தில் அவசரமாக இரத்தம் தேவைப்பட்டால், அந்தத் தாள் எந்தச் சோதனையும் சொல்லாததைச் சொல்லும்.

காய்ச்சலோடு வரும் எதிர்வினை வேறு காரணத்தால் வருவது. இரத்தம் ஏறும்போது உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ கூடி 38 டிகிரியைத் தாண்டினால், நடுக்கமும் சேர்ந்துகொண்டால், கொடையாளரின் வெள்ளையணுக்கள்மீது சந்தேகம் விழும். நோயாளிக்கு வேண்டியது சிவப்பணுக்கள்தாம். ஆனால் பையில் வெள்ளையணுக்களும் கலந்திருக்கின்றன. பை குளிர்பெட்டியில் கிடக்கும் நாள்களில் இவை காய்ச்சலைத் தூண்டும் சைட்டோகைன் என்ற பொருள்களைக் கசியவிடுகின்றன. இவற்றுக்கு எதிராக நோயாளியின் உடம்பும் ஆன்டிபாடி உருவாக்கிக்கொள்கிறது. எனவே தலசீமியா நோயாளிகளுக்கு வெள்ளையணு நீக்கிய இரத்தமே தரப்பட வேண்டும். ஐரோப்பிய அளவுகோலின்படி, வடிகட்டிய பின் ஒரு பையில் எஞ்சும் வெள்ளையணுக்கள் பத்து இலட்சத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். வடிகட்டாத பையில் அவை பல நூறு கோடியைத் தாண்டும். பையைச் சேமித்து வைப்பதற்கு முன்பே வடிகட்டுவதுதான் சிறந்தது, ஏனென்றால் சைட்டோகைன்கள் கசிந்த பிறகு கட்டிலருகே வடிகட்டுவதால் அவை நீங்குவதில்லை. எல்லா இடத்திலும் எல்லாப் பைக்கும் இந்த வடிகட்டல் தானாகவே நடந்துவிடுவதாக எண்ணிக்கொள்ளக் கூடாது; மருத்துவர் விண்ணப்பப் படிவத்தில் குறிப்பிட்டுக் கேட்க வேண்டிய ஒன்றாகவே இதைக் கருத வேண்டும். இரத்தம் ஏற்றும் குழாயின் சொட்டறையில் தெரியும் சல்லடையைப் பார்த்து, வெள்ளையணு வடிகட்டி இதுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சிறு கட்டிகளைப் பிடிப்பதற்காக எல்லாக் குழாயிலும் இருப்பது; வெள்ளையணுக்கள் அதன் துளைகளில் தாராளமாகப் புகுந்து போகும்.

அரிப்பும் தடிப்பும் வருவது பெரும்பாலும் பையில் எஞ்சியிருக்கும் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், உள்ள புரதங்களால். இலேசானதாக இருந்தால் சற்று நிறுத்தி, ஒவ்வாமை மருந்து கொடுத்து, மருத்துவர் சொன்னபின் மெல்லத் தொடர்வார்கள். திரும்பத் திரும்பக் கடுமையாக வருபவர்களுக்குச் சிவப்பணுக்களை உப்புநீரில் கழுவிக் கொடுப்பது உண்டு. கழுவிய பையை வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். கழுவும்போது சிவப்பணுக்களிலும் ஒரு பங்கு வீணாகும். ஆகவே எல்லாருக்கும் எப்போதும் கழுவிக் கொடுப்பது சரியான வழி அன்று.

இந்த இடத்தில், இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே பாரசிட்டமோலும் ஒவ்வாமை ஊசியும் போட்டுவிடும் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல குடும்பங்கள் இதைத் தடுப்பு நடவடிக்கை என்றே நம்புகின்றன. முன்பு எதிர்வினை வந்தவர்களுக்கு மருத்துவர் தீர்மானித்துக் கொடுப்பது வேறு. எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுப்பதால் எதிர்வினைகள் குறைவதாக ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. மேலும், பொருந்தாத இரத்தத்துக்கும் கிருமி கலந்த இரத்தத்துக்கும் முதல் அடையாளமாக வருவது பல வேளைகளில் காய்ச்சல்தான். மருந்து அதை மறைத்துவிடவும் கூடும். காய்ச்சல் வருவதற்கான காரணத்தைப் பையிலிருந்து நீக்குவதே தடுப்பு; வந்த காய்ச்சலை அடக்குவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

“என் பிள்ளைக்கு நானே கொடுக்கிறேன், ஊராருடைய இரத்தம் எதற்கு?” என்று கேட்காத தகப்பனார் அரிது. பாசத்தில் எழும் இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் சொல்லும் பதில் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். நெருங்கிய உறவினரின் வெள்ளையணுக்கள் நோயாளியின் திசு வகையை ஒத்திருப்பதால், அவருடைய உடம்பு அவற்றை அந்நியமாக உணராமல் விட்டுவிடலாம். அப்படித் தங்கிவிட்ட அணுக்களோ பெருகி, அவருடைய தோலையும் குடலையும் ஈரலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். மிக அரிதானது என்றாலும் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது இது. கதிர்வீச்சு செலுத்திய பையானால் இந்த ஆபத்து நீங்கும், வெறும் வடிகட்டல் இதற்குப் போதாது. குடும்பத்தாரின் இரத்தத்தை ஏற்றினால் அவர்களுடைய திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகி, நாளை அண்ணனோ தங்கையோ எலும்பு மஜ்ஜை கொடுக்க முன்வரும்போது அது தடையாகவும் வந்து நிற்கலாம். தகப்பனார் தாராளமாக இரத்தம் கொடுக்கலாம். அது பொது இருப்புக்குப் போய் வேறொருவருக்குப் பயன்படட்டும்.

இரத்தத்தின் அளவும் வேகமும் பொருந்தாவிட்டாலும் எதிர்வினை வரும். தலசீமியா நோயாளிகளில் பலருக்கு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த இரும்புச் சத்து இதயத்தைப் பலவீனப்படுத்தியிருக்கும். சிவப்பணுவின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பை உடம்பில் விட்டுச் செல்கிறது. அத்தகைய இதயத்தின்மீது குறுகிய நேரத்தில் அதிகத் திரவத்தைச் சுமத்தினால் நுரையீரலில் நீர் கோத்து இருமலும் மூச்சுத் திணறலும் வரும். இதயக் கோளாறு இல்லாதவருக்கு மணிக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 5 மில்லிலிட்டருக்கு மிகாமல் ஏற்றுவது வழக்கம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மணிக்கு 100 மில்லிலிட்டர். இதயம் தளர்ந்தவருக்கோ ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 5 கிராமுக்கும் கீழே இறங்கியவருக்கோ இதைவிடக் குறைவாகவும் மெதுவாகவும் ஏற்ற வேண்டும். பள்ளித் தேர்வு முடியட்டும், விருந்தாளிகள் போகட்டும் என்று தவணையைத் தள்ளிப்போடுவது இங்கேதான் வினையாகிறது. ஏற்றுவதற்கு முந்திய ஹீமோகுளோபினை 9.5க்கும் 10.5க்கும் இடையே வைத்திருப்பவருக்கு ஒருமுறைக்குத் தேவைப்படும் அளவு கட்டுக்குள் இருக்கும். 6க்கு இறங்கி வருபவருக்கு ஒரேயடியாக ஈடுகட்ட முயன்றால் இதயத்தின்மீது பாரம் விழும்.

கிருமித் தொற்றுக்கான விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைக்கப்படுகிறது; அந்தக் குளிரிலும் வளரக்கூடிய சில கிருமிகள் உண்டு, அறை வெப்பத்தில் எல்லாக் கிருமிகளும் விரைந்து பெருகும். பை குளிர்பெட்டியை விட்டு வந்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தாமதமானால் பையை மேசையில் காக்க வைக்காமல் திருப்பி அனுப்புவதே முறை. அதே குழாயில் சாதாரண உப்புநீரைத் தவிர வேறு எந்த மருந்தையும் திரவத்தையும் கலக்கக் கூடாது.

இரத்தம் ஏறத் தொடங்கிய முதல் 15 நிமிடம் மெதுவாகவே விடப்படுகிறது, அப்போது தாதி பக்கத்திலேயே இருந்து கவனிக்கிறார். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவை தொடங்கும் முன்னும் 15 நிமிடம் கழித்தும் குறிக்கப்படுகின்றன. கொடிய எதிர்வினைகள் பெரும்பாலும் சில மில்லிலிட்டர் ஏறியவுடனே தலைகாட்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. குளிர் நடுக்கம், முதுகு அல்லது இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், “என்னவோ பயமாக இருக்கிறதம்மா” என்று பிள்ளை காரணமின்றிச் சொல்வது ஆகிய எதையும் அற்பமாக எண்ணாமல் உடனே சொல்ல வேண்டும். தாதி செய்யும் முதல் வேலை இரத்தத்தை நிறுத்துவது. ஊசியை எடுத்துவிடாமல், புதிய குழாயில் உப்புநீரை விட்டு நரம்பைத் திறந்தே வைத்திருப்பார். பெயர், எண், பை எல்லாவற்றையும் மறுபடியும் ஒப்பிடுவார். மீதிப் பையையும் குழாயையும், நோயாளியின் புதிய மாதிரியையும் இரத்த வங்கிக்கு அனுப்புவார். பையைக் குப்பையில் போட்டுவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் அதோடு போய்விடும்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கண்காணிப்பு முடிவதில்லை. முன்னே சொன்ன தாமத எதிர்வினை பெரும்பாலும் இரத்தம் ஏற்றிய ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெளிப்படும். கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் தே-ஓ (பாலில்லாத் தேநீர்) போலக் கறுத்துப் போவது, இலேசான காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான களைப்பு ஆகியவை அடையாளங்கள். சில வேளைகளில் இவை எதுவும் தெரியாமல், மூன்று வாரம் தாங்க வேண்டிய ஹீமோகுளோபின் பத்தே நாளில் இறங்கிவிடும். மீண்டும் இரத்தம் ஏற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணிப் பக்கத்துக் கிளினிக்கில் சத்து மாத்திரை வாங்கி நாள்களைக் கடத்தாமல், வழக்கமாகப் போகும் வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, கடைசியாக எந்தத் தேதியில் எத்தனை பை ஏறியது என்பதையும் தெரிவிக்க வேண்டும். சிவப்பணுக்களின்மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ஸ் சோதனை 1945 முதல் வழக்கத்தில் இருப்பது. அதோடு ஆன்டிபாடித் தேடலையும் சேர்த்துச் செய்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். புதிய ஆன்டிபாடி கண்டறியப்பட்டால் அடுத்த பையைத் தேட இரத்த வங்கிக்குக் கூடுதல் நேரம் வேண்டும். எனவே அடுத்த தவணைக்கு அன்று காலையில் மாதிரி கொடுப்பதற்குப் பதிலாக, மூன்று நாள் வரம்புக்குள் முன்கூட்டியே வந்து கொடுக்கலாமா என்று அப்போதே கேட்டு, நாளைக் குறித்துக்கொள்ளலாம்.